பின் சீட்டிலிருந்து சொல்கிறேன்: வின்னிபெக் டு ராக்கி மலை, ஜோடியாக பைக்கில் போவது எப்படி

பைக் பயணம் பற்றிய குறிப்புகளைப் பெரும்பாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தவர்கள்தான் எழுதுகிறார்கள். நான் பின் சீட். வண்டி ஓட்டுவது எங்கள் வீட்டுக்காரர். வழி, நேரம், மூட்டை, சாப்பாடு, எங்கே நிற்பது எல்லாம் என் இலாகா. ஜோடியாகப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்: பின்னால் இருப்பவரின் இடுப்பு எத்தனை மணி நேரம் தாங்குமோ, அதுதான் அன்றைய தூரம். வண்டியின் சிசி, ஓட்டுகிறவரின் உற்சாகம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை எண் 1-ஐப் பிடித்து நேராக மேற்கே போனால் வின்னிபெக்கிலிருந்து ரெஜைனா சுமார் 570 கிலோமீட்டர், அங்கிருந்து மெடிசின் ஹாட் 470, அப்புறம் கால்கரி 300-க்குக் கொஞ்சம் குறைவு. கார்க்காரர்கள் இதை இரண்டே நாளில் முடித்துவிட்டு "வழியில ஒண்ணுமே இல்லைங்க, வெறும் வயல்" என்பார்கள். அதைக் கேட்டு நீங்களும் இரண்டு நாள் கணக்குப் போட்டால் மலை வரும்போது மலையைப் பார்க்கத் தெம்பு இருக்காது. காரில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சமவெளி சலிப்பூட்டும். பைக்கில் அதுதான் பயணத்தின் கடினமான பகுதி, மலை சுலபம்.

நான் சொல்லும் வழி கொஞ்சம் சுற்று. முதல் நாள் வின்னிபெக்கிலிருந்து சஸ்காச்சுவான் எல்லை தாண்டியதும் வரும் மூசோமின். இரண்டாம் நாள் மூஸ் ஜா. மூன்றாம் நாள் மேப்பிள் கிரீக்கில் தெற்கே திரும்பி சைப்ரஸ் ஹில்ஸ். நான்காம் நாள் மெடிசின் ஹாட்டுக்கு வந்து, கால்கரி பக்கம் போகாமல், 3-ஆம் எண் சாலையில் லெத்பிரிட்ஜ் வழியாக ஃபோர்ட் மக்லவுட். ஐந்தாம் நாள் லண்ட்பிரெக் அருகில் 22-ஆம் எண் சாலையில் வடக்கே ஏறி லாங்வியூ, அங்கிருந்து 541, பிறகு 40, ஹைவுட் பாஸ் வழியாக கனனாஸ்கிஸ், கான்மோர். ஒவ்வொரு நாளும் சுமார் 350 கிலோமீட்டர் அல்லது அதற்குள் வந்துவிடும். இதையே நான்கு நாளாக அடிக்கலாம்தான், ஆனால் காற்று ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டால் எங்கேயும் இடம் இருக்காது.

எப்போது போவது என்பதை ஹைவுட் பாஸே முடிவு செய்துவிடும். 2,206 மீட்டர் உயரம், கனடாவில் தார் போட்ட கணவாய்களில் இதுதான் உச்சம். ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் ஜூன் 14 வரை கேட் போட்டு மூடிவிடுவார்கள். ஜூலையில் கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரின் வயல்கள் அடிவானம் வரை மஞ்சளாக நிற்கும், பார்க்கக் கண் போதாது, ஆனால் ஆலங்கட்டி மழைக்கும் அதுதான் உச்ச மாதம், அதோடு ஜூலை தொடக்கத்தில் கால்கரி ஸ்டாம்பீட் என்ற ரோடியோ திருவிழா பத்து நாள் நடப்பதால் அந்தப் பக்கம் ரூம் வாடகை எகிறிவிடும். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்தால் மலையே தெரியாது. என்னைக் கேட்டால் ஜூன் கடைசி வாரம். பகல் நீளம், கூட்டம் குறைவு, கணவாயும் திறந்தாயிற்று.

மூட்டையும் வண்டியும்

வண்டி மேனுவலில் மொத்தம் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று ஒரு எண் இருக்கும். நிறைய நடுத்தர வண்டிகளுக்கு அது 200 கிலோ வாக்கில் வரும். இரண்டு பேர், ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 160 என்று வையுங்கள், மீதி 40. அதில் மூன்று பெட்டியும் அதைத் தாங்கும் கம்பிகளும் காலியாகவே 15 கிலோ தின்றுவிடும். ஆக உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து 25 கிலோதான், விமானத்தில் ஒரு பெட்டிக்குத் தருவதைவிட ஒன்றிரண்டு கிலோ கூட. பக்கப் பெட்டி ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள், சண்டை வராது. கனமானவை பெட்டியின் அடியில், முன்பக்கமாக இருக்கட்டும். பின்னால் இருக்கும் டாப் பாக்ஸில் மழைக்கோட்டு, ஸ்வெட்டர் மாதிரி லேசானவை மட்டும். அது பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது, அங்கே கனம் ஏறினால் முன் சக்கரம் லேசாகி, பக்கக் காற்றில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

டயர் காற்றை இரண்டு ஆள் சுமைக்குச் சொல்லியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள், காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்டுங்கள். கூட்டிய பிறகும் வண்டி சற்றுப் பின்னால் அமர்ந்துதான் இருக்கும், அதனால் ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்து இறக்கி வையுங்கள். செயின் தொய்வை ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் ஒரு தடவை பாருங்கள், சும்மா நிற்கும்போது சரியாக இருப்பது சுமை ஏறியதும் இறுகிவிடும். லைசென்ஸ் விஷயம் தெரிந்ததே: வழியில் வரும் மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மூன்று மாகாணத்திலும் பைக்குக்கு கிளாஸ் 6, பழகுகிற லைசென்ஸோடு பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு இந்தப் பயணம் வேண்டாம்.

பின்னால் உட்காருபவருக்கு

இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. ஜீன்ஸ் போடாதீர்கள், அதன் தடித்த தையல் நூறு கிலோமீட்டரில் உயிரை வாங்கும். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் பஞ்சு வைத்த ஷார்ட்ஸை உள்ளே போட்டு, மேலே ரைடிங் பேன்ட். தலைமுடியை இறுக்கிப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். வெளியே விட்டால் சாயங்காலம் கத்திரிக்கோல்தான் பிரிக்கும். காதுக்கு ஃபோம் அடைப்பான் கட்டாயம், 110 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபலைத் தொடும், ஓட்டுகிறவரைவிட நமக்குத்தான் அது அதிகம், முன்னால் இருப்பவரின் தோளில் பட்டுச் சிதறும் காற்று நேராக நம் ஹெல்மெட்டில்தான் மோதும். இன்டர்காம் இருந்தால் அடைப்பானோடேயே பேச்சு கேட்கும். ஆனால் பேட்டரி மத்தியானமே கண்ணை மூடும், அதனால் தட்டல் பாஷையையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கு: இடது தோளில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை, இரண்டு என்றால் அடுத்த ஊரில் நிறுத்து, விடாமல் தட்டினால் இப்பவே.

ஏறுவதும் இறங்குவதும் அவர் சொன்ன பிறகுதான். அவர் இரண்டு காலையும் ஊன்றி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "ம்" என்ற பிறகு ஏறுங்கள். ஓடும்போது உடம்பை நெளித்து வசதி பண்ணிக்கொள்வதை நேர் சாலையில் மட்டும், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிரேக் போடும்போது ஹெல்மெட் போய் ஹெல்மெட்டில் டங்கென்று முட்டுவது வேகத்தால் வருவதில்லை, நாம் கழுத்தைத் தளர விட்டதால் வருவது. தொடையால் அவர் இடுப்பைப் பிடித்து, உள்ளங்காலால் பெக்கை (கால் வைக்கும் கட்டையை) அழுத்தினால் முன்னால் சரியமாட்டீர்கள்.

நிற்பதற்கு ஒரே சட்டம்: 100 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, தேவை இருக்கிறதோ இல்லையோ. இன்னொன்றும் உண்டு, பெண்கள் இதைக் கவனியுங்கள். இந்தச் சமவெளியில் அவசரத்துக்கு ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. பெட்ரோல் பங்கைப் பார்த்தால் கழிவறைக்கும் போய்விட்டு வாருங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது முட்டாள்தனம், வறண்ட காற்று வியர்வை தெரியாமலே உடம்பை உறிஞ்சிவிடும், சாயங்காலத் தலைவலிக்குப் பாதி காரணம் அதுதான்.

காற்று

இந்தப் பாதையில் பெரும்பாலான நாட்கள் காற்று மேற்கிலிருந்துதான். நாம் மேற்கே போகிறோம். எதிர்க்காற்று ஆளைக் களைக்க வைக்கும், பெட்ரோலைக் குடிக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது பக்கக் காற்றுக்கு. அது அடிக்கும்போது நேர் சாலையிலேயே வண்டி காற்றை நோக்கிச் சாய்ந்தபடி ஓடும். பின்னால் இருப்பவர் "ஐயோ சாயுதே" என்று எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் காரியம் கெட்டது. உங்கள் முதுகெலும்பை அவர் முதுகெலும்போடு ஒரே கோட்டில் வைத்து, வண்டியின் ஒரு பெட்டி மாதிரி சும்மா இருங்கள். ஓட்டுகிறவர் கையைத் தளர்த்தி, முட்டியால் டாங்கைப் பிடித்து, 90-க்கு இறங்கட்டும். லேனுக்குள் காற்று வரும் பக்கமாகவே ஓட்டச் சொல்லுங்கள், தள்ளினாலும் நகர இடம் இருக்கும்.

லாரிதான் வினை. காற்று வரும் பக்கத்தில் லாரி இருந்தால், அதைத் தாண்டும்போது அதன் மறைவில் திடீரென்று காற்றே இருக்காது, சாய்ந்திருந்த வண்டி லாரியை நோக்கி இழுபடும். அதன் மூக்கைத் தாண்டிய நொடியில் காற்று அறைந்து வெளியே தள்ளும். இருவழிச் சாலையில் எதிரே வரும் லாரி முதலில் நெஞ்சில் ஒரு குத்து விடும், பிறகு உறிஞ்சும். பின்னால் இருக்கும் எனக்கு அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க முடியும், அதனால் "என்னங்க, லாரி" என்று சொல்வது என் வேலை. இரண்டு பேருமே தயாராக இருந்தால் அந்தக் குத்து ஒன்றுமே இல்லை.

மத்தியானத்துக்கு மேல்தான் காற்று ஏறும், விடியற்காலையில் அநேகமாக அடங்கியிருக்கும். இங்கே சஸ்காச்சுவான் நமக்கு ஒரு உதவி செய்கிறது. அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மனிடோபாவிலிருந்து உள்ளே போனதும் ஒரு மணி நேரம் கையில் கிடைக்கும், ரெஜைனாவில் ஜூன் மாதம் 5 மணிக்கு முன்னாலேயே சூரியன் வந்துவிடும். 6 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் நன்றாக ஏறியிருக்கும், மான்கள் சாலையோரம் மேயும் நேரமும் கழிந்திருக்கும், மதியம் 1 மணிக்கெல்லாம் அன்றைய தூரத்தை முடித்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுவிடலாம். சாயங்காலம் மான்கள் மறுபடி வரும், அதனால் இருட்டும் நேரத்தில் ஓட்டவே வேண்டாம்.

காற்று மிகக் கொடூரமாக இருப்பது லெத்பிரிட்ஜுக்கும் பின்சர் கிரீக்குக்கும் நடுவில். மலை இடைவெளி வழியாக இறங்கும் காற்று அங்கேதான் கொட்டுகிறது. கனடாவின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணையை 1993-இல் அந்தப் பக்கம் கவுலி ரிட்ஜில்தான் வைத்தார்கள், சும்மா வைக்கவில்லை. நான்காம் இரவு ஃபோர்ட் மக்லவுட்டில் தங்கச் சொல்வது இதற்காகத்தான்: அங்கிருந்து 22-ஆம் எண் சாலை வரைக்குமான திறந்த வெளியை அடுத்த நாள் காலையில், காற்று எழும் முன்னால் கடந்துவிடலாம்.

பெட்ரோல், புயல், பூச்சி

17 லிட்டர் டாங்க், சாதாரணமாக 340 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால், இரண்டு பேரும் மூட்டையும் எதிர்க்காற்றும் சேர்ந்து அதை 260-க்குக் கொண்டுவந்துவிடும். 180 ஓடியதும் நிரப்புங்கள். நெடுஞ்சாலை 1-இல் பங்குக்குப் பஞ்சமில்லை. தெற்கே 13-ஆம் எண் சாலை மாதிரி அமைதியான வழிகளில் ஆசைப்பட்டுப் போனால் பாதியில் கால் டாங்க்கோடு நிற்காதீர்கள், சின்ன ஊரில் பங்க் சாயங்காலமே சாத்திவிடும். மலைப் பக்கம் லாங்வியூவில் கட்டாயம் டாங்கை நிரப்புங்கள், அதிலிருந்து டிரான்ஸ் கனடாவைத் தொட சுமார் 150 கிலோமீட்டர், பெரும்பகுதி செல்போன் சிக்னலும் கிடையாது.

ஜிபிஎஸ் உங்களைக் குறுக்கு வழியில் இறக்கப் பார்க்கும். சஸ்காச்சுவான் முழுக்கக் கட்டம் கட்டமாக மண், ஜல்லிச் சாலைகள் உண்டு. காய்ந்திருந்தால் ஜல்லியில் வழுக்கும், நனைந்திருந்தால் கம்போ என்று இங்கே சொல்லும் களிமண் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். செட்டிங்கில் தார்ச்சாலை மட்டும் என்று மாற்றி வையுங்கள்.

புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வரும், அதாவது உங்களை நோக்கி. வானம் முழுக்கத் தெரிவதால் ஐம்பது கிலோமீட்டருக்கு முன்னாலேயே பார்த்துவிடலாம். மேல்பகுதி தட்டையாக விரிந்த மேகம், அடியில் கருநீலம், கொஞ்சம் பச்சை கலந்திருந்தால் ஆலங்கட்டி இருக்கலாம். அப்போது தூரத்தைக் கணக்குப் பார்க்காமல் அடுத்த ஊரில் நின்றுவிடுங்கள். பங்கின் கூரை போதும், மேம்பாலத்தின் அடியில் சாலையோரமாக ஒதுங்குவது ஆபத்து, மழையில் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. இடி மின்னலில் இந்த வெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் கடந்து போய்விடும், ஒரு காபி குடியுங்கள்.

வெட்டுக்கிளிக்கும் ஒரு வழி உண்டு. வயலோரச் சாலையில் சாயங்காலத்துக்குள் ஹெல்மெட் கண்ணாடி மஞ்சளும் பச்சையுமாக அப்பிப் போயிருக்கும். டிஷ்யூவால் தேய்த்தால் அந்தக் காய்ந்த கால்களே கண்ணாடியைக் கீறிவிடும். ஒரு துணியை நன்றாக நனைத்து, பிழியாமல், கண்ணாடி மேல் விரித்து, ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு துணியை ஒரே இழுப்பாக மேலிருந்து கீழே இழுத்தால் எல்லாம் ஊறிக் கழன்று அதோடு வந்துவிடும். ஈரத் துணியை அடைத்து வைக்க ஒரு ஜிப் பை, முடிந்தது.

எங்கே நிற்கலாம்

மூஸ் ஜாவில் 10 மீட்டர் உயர மூஸ் மான் சிலை, ஒரு போட்டோவுக்கு ஆகும். எனக்குப் பிடித்தது அதற்கு மேற்கே சாப்லின். சாலைக்குப் பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று ஏரி, கரையில் சோடியம் சல்பேட் குவியல், ஜூனில் பனி விழுந்த மாதிரி. ஆர்க்டிக்கை நோக்கிப் பறக்கும் கரைப்பறவைகள் வசந்தத்தில் ஆயிரக்கணக்கில் இங்கே இறங்கி மேயும். ஜூன் கடைசியில் கூட்டம் குறைவுதான், ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

சைப்ரஸ் ஹில்ஸ் நிஜமாகவே ஆச்சரியம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தட்டையாகக் கிடந்த நிலத்தில் திடீரென்று பைன் காடு. ராக்கி மலைக்கும் லாப்ரடாருக்கும் நடுவில் இதுதான் மிக உயரமான இடம், சுமார் 1,460 மீட்டர். ஜாக்கெட்டின் உள் லைனிங்கை அங்கே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், மலையில் தேவைப்படும்.

ஃபோர்ட் மக்லவுட் பக்கத்தில் ஹெட் ஸ்மாஷ்ட் இன் பஃபலோ ஜம்ப். பிளாக்ஃபுட் மக்களின் முன்னோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காட்டெருமைக் கூட்டங்களை ஓட்டிவந்து விழச் செய்து வேட்டையாடிய பாறை விளிம்பு. 1981-இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. அரை நாள் கொடுக்கலாம். 22-இல் திரும்பும் முன் 3-ஆம் எண் சாலையிலேயே கொஞ்சம் மேற்கே போனால் ஃபிராங்க் ஸ்லைடு, 1903 ஏப்ரல் 29 அதிகாலையில் டர்டில் மலை ஒன்றரை நிமிடத்தில் இடிந்து ஊரின் ஒரு பகுதியை மூடிய இடம். சாலை அந்தப் பாறைகளுக்கு நடுவில்தான் போகிறது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். முதல் நாளுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளலாம், வெயிலில் பெட்டிக்குள் அதற்கு மேல் தாங்காது. சின்ன ஊர்களில் பல வருடமாக நடக்கும் சீன உணவகம் ஒன்று அநேகமாக இருக்கும். சைவர்களுக்கு உருளைக்கிழங்கு வைத்த பெரோகி (கொழுக்கட்டை மாதிரி) அநேகமாக எங்கேயும் கிடைக்கும், மேலே பன்றி இறைச்சித் தூள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலை ஏறும்போது

நாலு நாள் நேராகவே ஓடியதில் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கும். 22-இல் முதல் வளைவுகளில் வண்டி சாயத் தயங்குவது போலவும், பிறகு திடீரென்று விழுவது போலவும் தோன்றும். பழுது இல்லை, தட்டையான பகுதியிலிருந்து விளிம்புக்கு மாறுகிறது, அவ்வளவுதான். முதல் பத்துப் பதினைந்து வளைவுகளை மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர் எந்தப் பக்கம் வளைவோ ஓட்டுகிறவரின் அந்தப் பக்கத்துத் தோளுக்கு மேல் பார்த்தால் போதும், உடம்பு தானாகச் சரியான அளவுக்குச் சாயும்.

ஹைவுட் பாஸில் ஜூனிலும் பனி பெய்யலாம், காலையில் குளிர் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். மதியம் ஏறுவது நல்லது. கரடி நின்றால் கார்க்காரர்கள் நடுரோட்டிலேயே நிறுத்திப் படம் எடுப்பார்கள். நீங்கள் நிற்காதீர்கள், உங்களைச் சுற்றிக் கதவு இல்லை.

கான்மோரில் ரூமை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், பான்ஃபைவிட அநேகமாகக் குறைவாக வரும். பான்ஃபில் நின்று சுற்றிப் பார்க்கத் தேசியப் பூங்கா பாஸ் வேண்டும். மொரைன் ஏரிக்கு 2023 முதல் சொந்த வண்டியில் போக முடியாது, பைக்கும் சேர்த்துத்தான், ஷட்டில் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்யுங்கள். ஜாஸ்பர் வரை ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே போக ஆசை என்றால் 230 கிலோமீட்டரில் நடுவே பெட்ரோல் ஒரே இடம்தான், சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங், அதுவும் சீசனில் மட்டும், விலையும் கடுமை. லேக் லூயிஸிலேயே நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும்போது கால்கரியில் செயினையும் பின் டயரையும் ஒரு கடையில் காட்டுங்கள், டயர் மாற்ற வேண்டியிருந்தால் அங்கேயே மாற்றிவிடுங்கள், வழியில் சின்ன ஊர்களில் உங்கள் அளவு இருக்காது. காற்று இனி முதுகில், அதனால் நெடுஞ்சாலை 1-லேயே நேராக வந்து மூன்று நாளில் வீடு சேரலாம்.